சவரக்கத்தியின் வரலாறும் அதனைப் பயிலும் நெறியும்



சென்ற திங்கள் விம்கோ நகரில் நம்மவர் கூடியிருந்த கூட்டமொன்றில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தனர். “மடக்குக் கத்தியைக் கடைகளில் கையாளுவார் இப்பொழுது அரியர். அதனைக் கற்பாரும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை. நம்மை இழிவு செய்த ஊரார் நம் கையில் கண்டதும் அக்கத்தியையே. அங்ஙனமிருக்க, அதனை நம் வீடுகளில் வைத்துப் போற்றுவது எற்றுக்கு? கடலில் எறிந்துவிடலாகாதா?” என்பது அவர்தம் வினா. கடல் நம் பகுதிக்கு மிக அணித்தாகலின் அவையோர் நகைத்தனர். யான் நகைத்திலேன். அவ்விளைஞர் சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும், ஒன்றனை எறியுமுன் அஃது இன்னதென்று அறிந்துகோடல் அறிவுடையார் கடன். அதன்பொருட்டே இக்கட்டுரை எழுதலாயிற்று.

பெயர்களின் ஆராய்ச்சி

முடி களைதலை மழித்தல் என்பது பழந்தமிழ் வழக்கு. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார். நெஞ்சில் துறவாதார்க்குத் தலை மழித்தலாற் பயனின்று என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. மழிப்போனுக்கு வழங்கும் நாவிதன் என்னும் பெயர் வடமொழி நாபிதன் என்பதன் திரிபு.

அம்பட்டன் என்னும் பெயரை இன்று வசைச்சொல்லாக வழங்குவார் பலர். அதன் மூலம் அம்பஷ்டன் என்னும் வடசொல். மனுநூல் அம்பஷ்டர்க்கு உரிய தொழிலாக மருத்துவத்தையே கூறுகின்றது. சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலர், தென்னாட்டுச் சாதிகளைப்பற்றி 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில், இச்சொல்லுக்கு ‘அருகில் நிற்போன்’ என்னும் பொருள் காட்டி, நம் பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தமையையும் குறித்துள்ளார். நோயாளியின் அருகில் நிற்போன் யாவன்? மருத்துவனே யாவன்.

இனி, ஈழத்திலும் தென்பாண்டி நாட்டிலும் வழங்கும் பரியாரி என்னும் பெயர் பரிகாரி என்பதன் மரூஉ. பிணிக்குப் பரிகாரம் செய்வோன் என்பது அதன் பொருள். அரசினர் சாதிப் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்பவற்றோடு மங்கலர், பிராணோபகாரி என்னும் பெயர்களும் காணப்படுகின்றன. பிராணோபகாரி என்பான் உயிர்க்கு உதவி செய்வோன். கொங்குநாட்டில் வேளாளர் திருமணங்களில் நம்மவரே மங்கல வாழ்த்துப் பாடுவர். அவ்வாழ்த்தைப் பாடிக் கொடுத்தவர் கம்பர் என்பது அந்நாட்டார் கூறும் செவிவழிச் செய்தி. வாழ்த்துப் பாடி மணவினையை நடத்தும் வாய் எங்ஙனம் இழிந்த வாயாகும்?

இவை யாவற்றினும் வியப்புடையது குடிமகன் என்னும் சொல். சிற்றூர்களில் ஊருக்கு உழைக்கும் நாவிதனையே இப்பெயரால் அழைத்து வந்தனர். நாடு விடுதலையடைந்து குடியரசானபின் அச்சொல்லே நாட்டின் உரிமை பெற்ற மாந்தர் அனைவர்க்கும் பொதுப்பெயராயிற்று. ஊர்க்கோடியில் நம்மை நிறுத்தி அழைத்த பெயரை இன்று நாட்டின் முதல்வரும் தமக்குரியதாகக் கொள்கின்றனர். சொற்கள் ஏறுதலும் இறங்குதலும் உண்டு. அவற்றைச் சுமந்த மாந்தரின் நிலையும் அங்ஙனமே மாறற்பாலது.

பழஞ்சான்றுகள்

சங்க நூலாகிய பொருநராற்றுப்படையில் பாடினியின் உறுப்புக்களைப் புனைந்துரைக்கும் புலவர், அவள் காதுக்குக் கத்தரிகையின் கைப்பிடியை உவமையாகக் கூறினர். அழகிய மங்கை ஒருத்தியைப் புனையுமிடத்து நம் தொழிற்கருவி உவமையாய் வந்ததெனின், அக்காலத்தார் அக்கருவியை இழிந்ததாகக் கருதிற்றிலர் என்பது போதரும்.

வடமொழியில் அறுவை மருத்துவம் கூறும் சுசுருதர், மருத்துவக் கத்தி செவ்விதாகத் தீட்டப்பெற்றதா என்பதனை மயிரை அறுக்கும் ஆற்றல்கொண்டு சோதிக்க வேண்டும் என்றனர். இன்றும் நம் முதியோர் கத்தியைத் தீட்டியபின் முன்கையின் மயிரிலன்றோ வைத்துப் பார்க்கின்றனர்! அறுவை மருத்துவனும் சவரத் தொழிலாளனும் ஒரே சோதனையைச் செய்தல் தற்செயலாய் அமைந்ததன்று. இருவர் கருவிக்கும் இன்றியமையாத இலக்கணம் ஒன்றே.

புத்தர் பெருமானின் மாணாக்கருள் உபாலி என்பார் ஒருவர். அவர் சாக்கிய மன்னர் குடியினர்க்கு முடிவினை செய்தவர். சாக்கிய இளவரசர் சிலர் துறவு வேண்டி வந்தபொழுது, தங்கள் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு தாமே வேண்டினர் என்றும், அங்ஙனம் முன்னவராகிய உபாலியை அவர்கள் வணங்கினர் என்றும் பௌத்த நூல்கள் கூறும். புத்தர் மறைந்தபின் இராசகிருகத்திற் கூடிய முதற்பேரவையில் சங்கத்தின் ஒழுக்க விதிகள் அனைத்தையும் எடுத்தோதியவரும் இவ்வுபாலியே.

இனி, நம் நாட்டுக் கல்வெட்டுக்களை நோக்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் அமைத்த பணியாளர் பட்டியலில் ஆடல் மகளிர், இசைவாணர், தச்சர், பொற்கொல்லர் என்பாரோடு நாவிதர்க்கும் பங்கு வகுக்கப்பட்டுள்ளது. இதனினும் சிறந்த சான்று காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையிலுள்ள திருமுக்கூடல் கல்வெட்டு. கி. பி. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தது அது. ஆண்டுள்ள கோயிலையொட்டிக் கல்லூரி ஒன்றும், அதன் மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் பயன்பட வீரசோழன் என்னும் பெயரால் ஆதுலர்சாலை ஒன்றும் நடைபெற்றன. அச்சாலையில் நோயாளர் கிடத்தற்குரிய கிடக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோரோடு நாவிதர் ஒருவர்க்கும் ஆண்டு ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழத் தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகட்கு முன்னர் நம்மவன் ஒருவன் மருத்துவமனையினுள்ளே ஊதியம் பெற்று நின்றான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மேல்நாட்டார் நிலை

மேல்நாட்டிலும் இத்தொடர்பு இவ்வாறே இருந்தது. இங்கிலாந்தில் எட்டாம் என்றி மன்னன் காலத்தில், 1540-ஆம் ஆண்டில், நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே கழகத்தினராகச் சட்டத்தால் இணைக்கப்பட்டனர். 1745-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவர் தனியே பிரிந்தனர். பிரிந்தவர் அரசர் மதிப்பும் கல்லூரியும் பெற்று உயர்ந்தனர். எஞ்சிய நாவிதர் கத்தியோடு நின்றனர். இன்றும் அந்நாட்டில் அறுவை மருத்துவர் தம்மை ‘டாக்டர்’ என்றழைத்துக்கொள்ளாது ‘மிஸ்டர்’ என்று வழங்குதல் அப்பழைய உறவின் அடையாளமேயாம். பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவத்தின் தந்தை எனப்படும் அம்புருவாசு பாரே என்பவரும் நாவித மருத்துவரிடம் தொழில் பயின்று உயர்ந்தவரே.

ஆங்கே ஒரு சாரார் உயர்ந்தனர். ஈங்கோ இரு கையிலும் தொழில் வைத்திருந்த நம்மவர் ஒரு கையை இழந்தனர். 1914-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் பயின்றார்க்கே பதிவும் அதனால் வரும் சிறப்பும் அளித்தது. நாட்டு மருத்துவம் பற்றி ஆராய முகமது உசுமான் தலைமையில் அமைந்த குழு 1923-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாகச் சென்னையில் நாட்டு மருத்துவப் பள்ளியும் தோன்றிற்று. எனினும் ஏட்டையும் கைப்பழக்கத்தையுமே நம்பிக் கட்டி கீறியும், முறிந்த எலும்பைக் கட்டியும், பிள்ளைப்பேறு பார்த்தும் வந்த நம் முன்னோருட் பலர்க்கு அப்பள்ளியின் வாயில் எட்டாததாயிற்று. மருத்துவப்பை போயிற்று, அடைப்பம் ஒன்றே எஞ்சிற்று.

எஃகின் கதை

அடைப்பத்தினுள் கிடக்கும் கத்தியை இனி நோக்குவோம். என் தந்தையார் கத்தியின் அலகில் சோலிங்கன் என்னும் செருமானிய நகரின் பெயர் பொறித்திருக்கும். பிறர் கத்திகளில் ஷெபீல்டு என்னும் ஆங்கில நகரின் பெயர் காணலாம். ‘சீமைக் கத்தி’ என்று நம் முதியோர் பெருமையாகப் பேசுவர். அப்பெருமையின் வேர் நம் நாட்டில் உள்ளது என்பதனை அவருட் பலர் அறியார்.

ஈரோடு வட்டாரத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபொழுது, இரும்பை உருக்கிய பழைய உலைகள் வெளிப்பட்டன. தென்னாட்டார் உருக்குச் செய்த முறையை ஆங்கிலர் பலர் நேரிற் கண்டு எழுதி வைத்துள்ளனர். இரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சிகளோடு சிறு மட்குகையிலிட்டு, மேலே எருக்கிலை போன்ற பசிய இலைகளை வைத்துக் களிமண்ணால் வாயைப் பூசி, உலையில் துருத்தி ஊதிக் காய்ச்சுவர். விறகிலும் இலையிலுமுள்ள கரி இரும்பிற் கலந்து, அஃது உறுதியும் கூர்மையும் தாங்கும் எஃகாகும். இவ்வெஃகையே மேல்நாட்டார் ‘ஊட்சு’ என்றழைத்தனர்.

இலண்டனில் கத்தி வினைஞராயிருந்த சேம்சு ஸ்டோடர்ட்டு என்பார் இவ்வெஃகைப் பெற்று நுண்ணிய கருவிகள் செய்தனர். கொல்லன் மகனாய்ப் பிறந்து பேரறிஞராய் விளங்கிய மைக்கேல் பாரடே அவரோடு கூடி 1820-ஆம் ஆண்டையொட்டி இதன் இயல்பை ஆராய்ந்து, இதனைப் போன்றதும் இதனின் மிக்கதுமாகிய எஃகைச் செய்ய முயன்றனர். அம்முயற்சியிற் கிடைத்த புதிய எஃகினால் சவரக்கத்திகள் செய்வித்துப் பாரடே தம் நண்பர்க்குப் பரிசாக அளித்தனர் என்பர். எஃகின் நன்மையைக் காட்டுதற்குச் சவரக்கத்தியினும் தக்க சான்று அவ்வறிஞர்க்குத் தோன்றவில்லை போலும்!

சென்னை அரசியலில் அலுவல் பார்த்த சோசையா மார்ஷல் ஹீத்து என்பார் 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினர். சேலத்து இரும்புக்கல்லே அதற்கு மூலப்பொருள். ஆலை அவர் கருதியவாறு பயன் தரவில்லை. ஆனால் அவர் இங்கிலாந்து மீண்டு, 1839-ஆம் ஆண்டில், மாங்கனீசு சேர்த்து எஃகு வார்க்கும் முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். அம்முறையாற் பெரும்பயன் எய்தியது ஷெபீல்டு நகரம். ஹீத்தோ தம் உரிமைக்கு நெடுநாள் வழக்காடியும் அதனாற் பயன் பெற்றாரல்லர். இங்ஙனம் நம் மண்ணின் எஃகும் அதனை ஆராய்ந்த அறிவும் கடல் கடந்து சென்றன. பொறித்த பெயரோடு சீமைக் கத்தியாய் மீண்டுவந்து நம் அடைப்பத்துட் புகுந்தன. அதனைக் கடலில் எறிவோமென்பார்க்கு இக்கதை தெரிதல் நலம்.

பயிலும் நெறி

தன் முகத்தைத் தானே மழித்தல் பழைய வழக்கமன்று. பிரெஞ்சு நாட்டிற் கத்தி வினைஞராயிருந்த பெரே என்பவர் 1769-ஆம் ஆண்டில் இக்கலையைத் தாமே பயிலுவார்க்கென்று தனிநூல் ஒன்று எழுதினர். அலகு ஆழ இறங்காதவாறு மரக்காப்பு அமைத்த கத்தி ஒன்றனையும் அவர் அமைத்தனர். அதற்குமுன் இஃது ஏட்டில் எழுதப்படாது, தந்தை கையினின்று மகன் கைக்குச் சென்ற கல்வியே.

நம் வீடுகளில் அக்கல்வி நடந்த வகையை என் தாய்மாமனார் வாயிலாகக் கேட்டறிந்தேன். பதினோராம் ஆண்டளவில் சிறுவன் கையில் கத்தி கொடுக்கப்படும். முதற்பாடம் தீட்டுதல். இரண்டாம் பாடம் மட்பானை. பானையைக் கவிழ்த்துப் புறத்தே நுரை பூசி, மண்ணில் கீறலோசை எழாதவாறு நுரையை மட்டும் எடுத்தல் வேண்டும். ஓசை எழுந்தால் தலையிற் குட்டு விழும். மூன்றாம் பாடம் தன் முழங்கால். நான்காம் பாடம் தந்தையின் கன்னம். நாவிதன் மகன் அநாதைகளின் தலையிற் சவரம் கற்கின்றான் என்னும் பொருளில் அரபு நாட்டார் ஒரு பழமொழி கூறுவர். நம்மவர் அங்ஙனம் செய்திலர். மகனுக்குத் தம் கன்னத்தையே பள்ளிக்கூடமாக்கினர்.

யான் இக்கல்வி பெற்றிலேன். என் தந்தையார் விம்கோ நகரில் ஆலைத் தொழிலாளர்க்கு முடிவினை செய்து என்னைத் தமிழ் பயில்வித்தவர். கத்தியை யான் தீண்டுதலையும் அவர் பொறார். “இது என்னோடு போகட்டும்” என்பார். அவர் மறைந்து ஆண்டுகள் பல சென்றபின், சென்ற ஆவணித் திங்களில் அவர் அடைப்பத்தைத் திறந்து பார்த்தேன். கிண்ணமும், சாமணமும், தீட்டுக்கல்லும், தோல்வாரும், துருப்பிடித்த கத்தியும் கிடந்தன. மாணாக்கர்க்கு நாள்தோறும் தொழிலின் மேன்மை கூறும் யான், என்னைக் கற்பித்த கருவியைப் பிடிக்கவும் அறியேன் என்று நாணினேன். எழுபது கடந்த தாய்மாமனாரிடம் சென்று மாணாக்கனாய் அமர்ந்தேன். அவர் நகைத்து, “வாத்தியாருக்கு வாத்தியார் ஆகச் சொல்கிறாயா, மாப்பிள்ளை?” என்று கூறிப் பாடம் தொடங்கினர். அவர் கற்பித்தவற்றைப் பயில விரும்புவார் பொருட்டு முறையே தருகின்றேன்.

தீட்டுதலில் இரு நிலை உண்டு. கல்லில் தீட்டுங்கால் கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிந்திருக்க, வாய் முன்னாகச் செல்லுதல் வேண்டும். தோல்வாரில் தீட்டுங்கால் முதுகு முன்னாகவும் வாய் பின்னாகவும் செல்லுதல் வேண்டும். வாரின் முனையில் திருப்புங்கால் முதுகின்மேற் புரட்டுக. வாயின்மேற் புரட்டின் வாரும் அறும், கூரும் மழுங்கும். வாரைத் தளரவிடின் நுண்ணிய வாய் வட்டமாகிக் கெடும். கல் சில திங்கட்கு ஒருமுறை போதும். வார் ஒவ்வொரு சவரத்திற்கு முன்னும் வேண்டும். முதல் வாரத்தில் யான் வாரைத் தளரவிட்டுக் கத்தியின் கூரைக் கெடுத்தேன். அதனை மீட்க மாமனார்க்கு ஒரு மாலைப்பொழுது சென்றது.

அடுத்தது நனைத்தல். வெந்நீரில் ஊறிய மயிர் நீரையுண்டு பருத்து மென்மையுறும். உலர்ந்த மயிரோ கத்தியை எதிர்க்கும். ஆதலின் முகத்தை வெந்நீராற் கழுவி நுரை பூசிச் சிறிது நேரம் பொறுத்தல் வேண்டும். கற்பார் விரைந்து விட்டுவிடும் பாடம் இதுவே.

மூன்றாவது பிடித்தல். கத்தியின் கழுத்தின்மேல் மூன்று விரல், கீழே பெருவிரல், வளைந்த வாலின்மேற் சிறுவிரல். இறுகப் பிடித்தலாகாது. “கத்தியை நீ அழுத்தாதே, அதன் எடை போதும்” என்பது மாமனார் அடிக்கடி கூறிய மொழி. முதுகைத் தோலினின்று சிறிதே உயர்த்தி, ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் வைத்தல் வேண்டும். மிகச் சாய்ப்பின் மயிரை இழுக்கும். மிக நிமிர்த்தின் தோலைச் சுரண்டும்.

நான்காவது இழுத்தல். இடக்கையால் தோலை நீட்டிப் பிடித்து, மயிர் படிந்த போக்கிலேயே குறுகிய இழுப்பாகக் கொண்டுவருக. எதிர்ப்போக்கு முதிர்ந்த கைக்கே உரியது. கத்தியின் வாய் நீளும் திசையிற் பக்கவாட்டில் நழுவவிடுதல் எந்நாளும் ஆகாது; பெருங்காயங்கள் நேர்வது அதனாலேயே. முதல் நாட்களில் கன்னங்களோடு நிறுத்துக. பின்னர்க் கழுத்து, இறுதியில் மோவாயும் மேலுதடும்.

யான் இவ்வரம்பைக் கடந்தேன். ஆறாம் நாள் பள்ளிக்கு நேரமாயிற்றென்று விரைந்து தாடையின் கோணத்தில் அழுத்தினேன். தோலை நீட்டவும் மறந்தேன். குருதி சட்டையை நனைத்தது. மாமனார் ஒன்றும் கூறாது படிகாரக் கட்டியை நனைத்து அழுத்திப் பிடித்தனர். எத்தனை ஆண்டுகட்கு எத்தனை முகங்களில் என் தந்தையார் இக்கத்தியை ஓட்டினர், எத்தனை அயர்ச்சியிலும் அக்கை நடுங்காதிருந்தது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. இரவு வேலை முடித்துவந்த தொழிலாளி நாற்காலியிற் சாய்ந்து கண்ணயர்வான். அங்ஙனம் அயர்ந்தான் தொண்டையின்மேற் கூரிய இரும்பை ஓட்டுவது அவன் நம்பிக்கையை ஏற்பதன்றோ? மன்னனும் அமைச்சனும் வாளேந்தியவனை அருகில் விடார், நம்மவனை விட்டனர்.

சவரம் முடிந்தபின் கத்தியைக் கழுவி, ஈரம் சிறிதும் இன்றித் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தல் இறுதிப் பாடம். துடையாத கத்தி துருவாகும்.

கத்தி மாறிய வகை

அமெரிக்க நாட்டுக் கிங் கில்லெட்டு என்பார் எறிந்துவிடும் அலகு பொருந்திய காப்புக் கத்தியை விற்கத் தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் விலைபோனவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. 1904-இல் அவர் உரிமைப் பட்டயம் பெற்றனர். முதல் உலகப் போரின் இறுதியில், 1918-ஆம் ஆண்டில், அமெரிக்க அரசினர் தம் படைஞர்க்கு ஏறத்தாழ 35 இலட்சம் கத்திகளை வாங்கி அளித்தனர். போர் முடிந்து வீடு மீண்டோர் தாமே மழிக்கும் வழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். அங்ஙனம் உலகமெங்கும் முகச்சவரம் கடையினின்று வீட்டுக்குச் சென்றது.

கடையிலும் மடக்குக் கத்தி நீங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எச். ஐ. வி. நுண்மம் நம் நாட்டில் உள்ளதென்பதனை முதன்முதலிற் கண்டறிந்தனர். அதன்பின் ஒருவர்க்கு ஆண்ட அலகைப் பிறர்க்கு ஆளலாகாது என்னும் உணர்வு பரவிற்று. ஈரலைத் தாக்கும் எப்படைட்டிசு-பி என்னும் நோயின் நுண்மம் உடம்புக்குப் புறத்தே உலர்ந்த குருதியிலும் ஏழு நாள் வரையில் அழியாதிருக்கும் ஆற்றலுடையது. ஆதலின் பொதுமக்கட்கு மடக்குக் கத்தியை ஆளுதல் இனி ஏலாது; அரை அலகு மாற்றும் கத்தியே தக்கது. இதன்கண் இளைஞர் கூற்றை யான் முழுதும் உடன்படுகின்றேன்.

ஆயின் ஒன்று நோக்குக. அரை அலகுக் கத்தியின் வடிவம் யாருடையது? மடக்குக் கத்தியினுடையதே. அதே பிடி, அதே சாய்வு, அதே இழுப்பு. மாறியது அலகு, கை மாறவில்லை. பழைய கத்தியிற் பயின்ற கை புதிய கத்தியில் தவறாது. எனவே, தன் முகத்துக்குத் தனக்கே உரிய மடக்குக் கத்தி ஒன்று வைத்துப் பயிலுதல் தொழில் கற்கும் இளைஞர்க்கு இன்றும் சிறந்த பயிற்சியாம்.

நம் குற்றம்

இதுகாறும் நம் பெருமை கூறினேன். குற்றத்தையும் கூறாதுவிடின் இது வரலாறாகாது, முகமன் ஆகும்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபொழுது பிரிட்டோரியா நகரில் வெள்ளை நாவிதன் ஒருவன் அவர்க்கு முடி வெட்ட மறுத்தனன். அடிகள் தாமே கருவி வாங்கிக் கண்ணாடிமுன் நின்று வெட்டிக்கொண்டனர். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் கெட்டது. நீதிமன்ற நண்பர்கள் எலி கடித்ததோ என்று கேட்டு நகைத்தனர். இதனைத் தம் வரலாற்றில் எழுதிய அடிகள் அந்நாவிதனை நோவாது, நம் நாட்டிலும் தீண்டப்படாதவர் எனப்பட்டார்க்கு முடிவினை செய்ய நம் நாவிதரை நாம் விடுவதில்லையே, அதன் பயனையே யான் நுகர்ந்தேன் என்னும் கருத்துப்பட எழுதினர்.

இவ்வுரை நம் நெஞ்சைத் தைக்கற்பாலது. மேற்சாதியார் அச்சுறுத்தினமையால் அங்ஙனம் செய்தோம் என்று கூறுவோர் உளர். அஃது உண்மையே, மறுத்த நாவிதன் குடியிருப்பு இழந்தமையும் உண்டு. ஆயினும் அச்சம் நீங்கிய இடத்தும் வழக்கம் நீங்காதிருந்தமை நம் குற்றமே. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமை காரணமாகத் தொழிற்பணி மறுப்பதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. சட்டம் வந்து எழுபது ஆண்டு ஆகியும் சிற்றூர்களில் இம்மறுப்பு நிகழ்வதாகச் செய்தி படிக்கும்பொழுதெல்லாம் யான் தலைகுனிகின்றேன். நம்மை ஊர் தாழ்த்திற்று என்று முறையிடும் நாம் பிறர் ஒருவரைத் தாழ்த்துவோமாயின், நம் முறையீட்டை யார் செவிமடுப்பர்? இளவரசர் வணங்க நின்ற உபாலி வழியினர் என்று நாம் கூறிக்கொள்ளும் உரிமை, எத்தலைக்கும் வேற்றுமையின்றிக் கத்தி எடுப்பார்க்கே உண்டு.

முடிவுரை

இனி அவ்விளைஞர் வினாவுக்கு விடை கூறுவேன். கத்தியை எறிதல் வேண்டா. அதனை நம் பிள்ளைகள் கழுத்திற் கட்டுதலும் வேண்டா. இத்தொழில் பிறப்பால் வரும் தளையாக இருத்தல் ஒழிக. விரும்புவார் விரும்பிக் கற்கும் கலையாக நிற்க. மருத்துவம் பயில விழைவார் மருத்துவம் பயில்க. சங்கம் அவர்க்குப் பொருளுதவி செய்க. தொழிலில் நிற்பார் நலவாரியத்திற் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொருவர்க்கும் புதிய அலகு என்னும் விதியை ஒருகாலும் வழுவாதொழுகுக. ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும் பழைய அடைப்பத்தைத் திறந்து, துருவைப் போக்கி எண்ணெயிட்டு, அதனை ஆண்டவர் பெயரையும் காலத்தையும் எழுதி வைக்க. நம் வரலாற்றை எழுதுவார் பிறர் ஆகாது நாமே ஆதல் வேண்டும்.

1923-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் தொடங்கிய தீப்பெட்டிக் குழுமத்தின் சுருக்கப் பெயரே விம்கோ என்பது. அப்பெயர் ஆலைக்கு ஆயிற்று. பின் ஊருக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் ஆயிற்று. 2021-ஆம் ஆண்டில் மெட்ரோ நிலையத்துக்கும் ஆயிற்று. தீக்குச்சி செய்த தொழிலின் பெயரை ஓர் ஊர் நாணாது சுமந்து நிற்கின்றது. நம் தொழிலின் பெயரை நாம் மட்டும் ஏன் நாணுதல் வேண்டும்?

என் தந்தையார் கத்தி இப்பொழுது துரு நீங்கி ஒளிர்கின்றது. சென்ற தைப்பொங்கலன்று காயமின்றி முழுமுகமும் மழித்தேன். மாமனார் தம் புறங்கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “உன் அப்பன் இருந்திருந்தால் திட்டியிருப்பார், பிறகு தாமும் தடவிப் பார்த்திருப்பார்” என்றனர். எனக்கு அதுவே போதிய நற்சான்று.